நான் ஓடாத பாதை

நான் அந்தப் பாதையில் சைக்கிள் ஓடவில்லை. ஓடினேன் என்று சொன்னேன். என் சொல்லை நம்பி ஒரு குடும்பம் அதில் இறங்கியது. தாயின் வலது மணிக்கட்டு உடைந்தது. தாய் விழுந்ததற்குத் தானே காரணம் என்று மகன் பல மாதம் நம்பியிருந்தான். அப்படி நம்ப வைத்தது நான் கேட்ட ஒரு கேள்வி. அது வாய்தவறி வந்த கேள்வி இல்லை. வேண்டுமென்றே கேட்டேன். அவர்களை முந்திப் போன லொறியின் சாரதிக்கும் இதில் பங்கு உண்டு. அதை எழுத நான் வரவில்லை. என் பங்கை மட்டும், மறைக்காமல் எழுதுகிறேன். தீர்ப்பு படிக்கிறவர்களுடையது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் போனபோது எங்கள் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. நெல்மூட்டையும் நோயாளியும் பிள்ளைத்தாச்சியும் சைக்கிளில்தான் போனார்கள். பிரான்சுக்கு வந்தபின் நெடுங்காலம் சைக்கிளைத் தொடவில்லை. ரெஸ்ரோரன்ற் குசினியில் வேலை. இரவில் கடைசி ரயில். உடம்பில் சீனி கூடியபோது டொக்டர் நடக்கச் சொன்னார். நான் சைக்கிள் வாங்கினேன். பிரான்ஸ் எப்படிப்பட்ட நாடு என்று அதன்பிறகுதான் பார்த்தேன்.

இங்கே கொம்யூன் எனப்படும் ஊராட்சிகள் ஏறத்தாழ 35,000 இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சொந்த ரோட்டுகள். எல்லாவற்றையும் கூட்டினால் 7,00,000 கிலோமீற்றர் அளவில் வரும். பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவில், தேவாலயத்துக்கும் சவக்காலைக்கும் நடுவில் போட்ட ரோட்டுகள் அவை. தார் இருக்கும், நடுக்கோடு இருக்காது. அதுதான் அடையாளம். நடுக்கோடு இல்லாத ரோட்டில் காலை முழுதும் ஓடினாலும் தபால்காரரின் மஞ்சள் வானும் ஒரு உழவு இயந்திரமும் மட்டும் எதிர்ப்படுகிற நாட்கள் உண்டு. தண்ணீர் முடிந்தால் சவக்காலையில் பைப் இருக்கும். குடிக்கக் கூடாது என்று பலகை இல்லையென்றால் போத்தலை நிரப்பிக்கொள்ளலாம். திங்கட்கிழமையில் பல ஊர்களில் பாண்கடை பூட்டு. இதெல்லாம் ஓடி ஓடிப் படித்தது. இந்தப் படிப்பில் பொய் இல்லை.

சைக்கிளுக்கும் நடைக்கும் என்றே விட்ட பாதைகளும் உண்டு. 1879இல் ஃபிரெய்சினே என்ற அமைச்சரின் திட்டத்தால் பிரான்சின் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் ரயில் போனது. கார் பெருகியதும் அந்த லைன்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. 1997இல் பூர்கோனில், ஜிவ்ரிக்கும் கிளூனிக்கும் இடையில் அப்படிக் கிடந்த ஒரு லைனைச் சைக்கிள் பாதையாக்கித் திறந்தார்கள். இப்படிப்பட்ட பாதையை வுவா வெர்த் என்பார்கள். பிரான்சில் முதலாவது அது. ரயிலுக்குப் போட்ட தடம் என்பதால் ஏற்றம் மெல்லத்தான் ஏறும். மோட்டார் வாகனத்துக்கு அதில் இடமில்லை. வெலோரூத் என்று பலகை வைத்த பாதை வேறு. அதில் காரும் வரும். பிள்ளைகுட்டியோடு இறங்குகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். வித்தியாசத்தை விளக்குவதை என் வேலையாக எடுத்துக்கொண்டேன். யாரும் தந்த வேலை இல்லை.

பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலில் என்னைச் 'சைக்கிள் அண்ணை' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். குசினியில் என்னை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. இந்தப் பட்டம் வந்தபின் கடைத்தெருவில் என் நடையே மாறியது. கார் வாடகையும் ஹோட்டல் காசும் கட்டுப்படியாகாத குடும்பங்கள் வந்து கேட்கும். கோடை லீவில் பிள்ளைகளைப் பாரிசுக்கு வெளியே எங்கேயாவது கொண்டுபோக வேண்டும், வாகனம் இல்லாத ரோட்டுச் சொல்லுங்கோ என்பார்கள். நான் வரைபடத்தில் கோடு போட்டு ஃபோனுக்கு அனுப்புவேன். என் கோட்டில் நம்பிப் போகலாம் என்று பேர் வந்தது. அந்தப் பேரைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன்.

பொய் சின்னதாகத் தொடங்கியது. ஒரு கோடையில் நிவெர்னே கால்வாயோரம் ஓடினேன். ஒசேரிலிருந்து தெசீஸ் வரை ஏறத்தாழ 174 கிலோமீற்றர் நீளமான கால்வாய். மோர்வான் காட்டு விறகைப் பாரிசுக்குக் கொண்டுபோகவென்று 1784இல் வெட்டத் தொடங்கினார்கள். இன்றைக்கு அதில் உல்லாசப் படகுகள்தான். குதிரைகள் படகு இழுத்துப்போன கரையில் இப்போது சைக்கிள் போகும். சொசுவா பாறைகள் ஆற்றை ஒட்டி நெட்டுக்குத்தாக நிற்கிற இடத்தில் இறங்கி நின்று பார்த்தேன். கிளாம்சியில் கால்வாயை விட்டுக் கிழக்கே திரும்பி, வெஸ்லே மலைக்கு ஏறுவது என் திட்டம். 1979இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய தேவாலயம் அந்த மலையுச்சியில் இருக்கிறது.

கிளாம்சியில் மழை பிடித்தது. முழங்கால் வலித்தது. ரயிலேறிப் பாரிஸ் திரும்பிவிட்டேன். அதில் ஒரு வெட்கமும் இல்லை. வெட்கப்பட வேண்டியதை வீட்டுக்கு வந்து செய்தேன். முன்பொருமுறை நண்பர் ஒருவரின் காரில் வெஸ்லேக்குப் போனபோது எடுத்த படம் என்னிடம் இருந்தது. கால்வாய்ப் படங்களோடு அதையும் சேர்த்து எல்லாருக்கும் அனுப்பினேன். கீழே ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதாமலே பொய் சொன்னேன். "மலையும் ஏறிட்டியள் அண்ணை" என்று பாராட்டு வந்தது. கும்பிடுகிற கைப் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டேன்.

அடுத்த வருடம் ஒரு தம்பி அந்தப் பாதையைக் கேட்டான். நெருங்கிய சொந்தமில்லை, ஆனால் சொந்தத்தைவிட நெருக்கம். மனைவியும் பதின்மூன்று வயது மகனுமாக மூன்று பேர். ஒசேர் வரை ரயில், கிளாம்சி வரை கால்வாய், பிறகு வெஸ்லே. ஒசேரிலிருந்து கிளாம்சி வரை நான் ஓடிய பாதை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. மிச்சத்தை மேசையில் வைத்து வரைந்தேன். வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்த சின்ன ரோட்டுகளைத் தொடுத்துக்கொண்டு போனேன். ஓரிடத்தில் வெள்ளைக் கோடு காட்டுத் தடமாகிப் போனது. குடும்பச் சைக்கிளுக்கு அது சரிவராது. அந்த இடைவெளியைத் தெபார்த்மெந்தால் எனப்படும் மாவட்ட ரோட்டு ஒன்றில் சில கிலோமீற்றர் போட்டு மூடினேன்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தெபார்த்மெந்தால் என்ற பெயரில் பிரான்சில் ஏறத்தாழ 3,80,000 கிலோமீற்றர் ரோட்டு இருக்கிறது. மாடு மறித்து நிற்கிற ஒழுங்கைக்கும் அதே பெயர்தான். ஒரு காலத்தில் நசியோனால் எனப்படும் தேசிய ரோட்டாக இருந்த பெரிய ரோட்டுக்கும் அதே பெயர்தான். 1970களில் பல்லாயிரம் கிலோமீற்றர் நசியோனால் ரோட்டுகளை அரசு மாவட்டங்களிடம் கைமாற்றியது. 2006இல் இன்னொரு பெருந்தொகை மாறியது. பெயர் மாறினாலும் அகலமும் வேகமும் மாறவில்லை. மூன்று இலக்க எண், அதுவும் 9இல் தொடங்குவது என்றால் பழைய நசியோனாலோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். இதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான். நான் கோடு போட்ட துண்டின் எண் 9இல் தொடங்கியது. கண்ணில் பட்டது. கடந்து போனேன்.

கணினியில் அந்த ரோட்டின் படத்தைத் திறந்திருந்தால் நடுக்கோடு தெரிந்திருக்கும். ஏன் திறக்கவில்லை? சோம்பல் என்று சொல்லித் தப்பிக்கலாம். சோம்பல் இல்லை. திறந்து பார்த்தால், அதில் நான் ஓடவில்லை என்பதை எனக்கே நான் ஒத்துக்கொண்டதாகிவிடும். ஓடினவன் எதற்குப் படம் பார்க்க வேண்டும்? அதற்குள் என் பொய்யை நானே பாதி நம்பத் தொடங்கியிருந்தேன்.

போவதற்கு முதல் கிழமை தம்பியும் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். தம்பி அந்தத் துண்டில் விரலை வைத்தான்.

"அண்ணை, இந்த இடத்தில ரோட்டு மொத்தமாக் கிடக்கு. இதில நீங்கள் ஓடினனீங்களோ?"

"ஓம் தம்பி. ஓடினனான். ஒரு வாகனமும் இல்லை."

அவன் மனைவியை நான் தங்கச்சி என்பேன். தங்கச்சி விடவில்லை. "பிள்ளையோட போறம் அண்ணை. அதுதான் கேக்கிறம்."

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி. நான் சொல்லுறன்தானே."

இரண்டு முறை கேட்டார்கள். இரண்டாம் முறை கேட்டது ஒரு தாய். 'அந்தத் துண்டில் நான் ஓடவில்லை, விசாரித்துச் சொல்லுகிறேன்' என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அவர்கள் என்னைக் குறைவாக நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் வெஸ்லேப் படம் பொய்யாகிவிடும். அது வெளியே வந்துவிடுமோ என்றுதான் பயந்தேன். ஒரு பிள்ளை எந்த ரோட்டில் போகப்போகிறான் என்பதைவிட என் படம் எனக்குப் பெரிதாக இருந்தது. இதற்கு மேல் இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நூறு வருடத்துக்கு முன் சென்ற் எத்தியெனில் போல் தெ விவி என்று ஒருவர் இருந்தார். வெலோசியோ என்ற பெயரில் எழுதினார். பிரான்சில் சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு அவர் குரு மாதிரி. வீம்புக்காக மிதிக்காதே என்பது அவர் விட்டுப்போன அறிவுரைகளில் ஒன்று. கூட்டமாகப் போகும் இடங்களில் அதை எடுத்துச் சொல்லுவேன். இளசுகள் தலையாட்டுவார்கள். நானோ மிதிக்காமலே வீம்பு பிடித்தவன்.

ஜூலைக் கடைசி. கோதுமை வெட்டுகிற காலம். தானியம் ஏற்றிய லொறிகள் ரோட்டுக்கு வருகிற காலம். அதையும் நான் நினைக்கவில்லை. ஏற்றத்தில் மகன் முன்னே, தாய் நடுவில், தகப்பன் பின்னே. பின்னாலிருந்து லொறி வந்தது. எதிரே கார். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்துகிற வாகனம் 1.5 மீற்றர் இடம் விட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். எதிரே கார் வரும்போது அந்த இடம் அங்கே இல்லை. லொறி காத்து நிற்கவில்லை. காற்று முதலில் தள்ளியது என்று தங்கச்சி பிறகு சொன்னார். முன்சில்லு தாரின் விளிம்பை விட்டு இறங்கியது. வலது கையை ஊன்றி விழுந்தார். லொறி நிற்காமல் போய்விட்டது. மகன் வளைவு தாண்டி முன்னே போய்விட்டிருந்தான். தாயும் தகப்பனும் வரவில்லையே என்று திரும்பி வந்து பார்த்தான். தாய் கானோரப் புல்லில் இருந்தார். கை திரும்பியிருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

பொம்பியே எனப்படும் தீயணைப்புப் படையினர் வந்தார்கள். கிராமப்புறத்தில் அவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள், வேறு வேலை செய்கிறவர்கள். ஒருவர் வயல் உடுப்போடேயே வந்தாராம். அவர் தன் சட்டையை மடித்துத் தங்கச்சியின் தலைக்கு அணையாக வைத்தாராம். முன்பின் தெரியாத மனிதர்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி எனக்கு எடுத்தான். கோபப்படவில்லை. "அண்ணை, ரோட்டு நீங்கள் சொன்ன மாதிரி இல்லை" என்று மட்டும் சொன்னான். கதவு திறந்திருந்தது. அந்த நேரம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் விசாரணை தொடங்கினேன்.

"வடிவா வலது ஓரமா ஓடினனீங்களோ? பளிச்செண்ட உடுப்புப் போட்டனீங்களோ? பெடியன் முன்னால கெதியாப் போனவனோ? தங்கச்சி அவனைப் பிடிக்கவெண்டு அவசரப்பட்டவவோ?"

கடைசிக் கேள்விகளைக் கேட்கும்போதே எனக்குத் தெரியும், பழியைப் பிள்ளையின் பக்கம் நகர்த்துகிறேன் என்று. தம்பி பதில் சொல்லவில்லை. ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. மகன் பக்கத்தில் இருந்தான். எனக்கு அது அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேனோ என்று என்னையே கேட்டிருக்கிறேன். இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தங்கச்சி வீட்டிலிருந்து சாறி பிளவுஸ் தைக்கிறவர். ஆவணியில் கலியாணங்கள். ஆடி முடிவதற்குள் வெட்டி முடிக்க வேண்டிய துணிகள் வீட்டில் அடுக்கியிருந்தன. மணிக்கட்டுக்குத் தகடு வைத்து ஆணி பூட்டினார்கள். வெட்டாத துணிகளைத் தம்பி ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தான். வாங்கியிருந்த முற்பணமும் திரும்பிப் போனது. வேறு தையல்காரரிடம் போன சிலர் பிறகு வரவில்லை. கட்டு அவிழ்த்தபின்னும் கத்தரிக்கோலைத் திருப்பும்போது பெருவிரல் இழுக்கிறது என்றார். பட்டுத் துணியில் கழுத்து வளைவு வெட்ட அவருக்கு இப்போது பயம். அவருடைய வேலையில் காசு வருவதே அந்த வளைவில்தான்.

நான் பழங்களோடு போய்ப் பார்த்தேன். கவலைப்பட்டேன், அது நடிப்பில்லை. ஆனால் வாய் திறக்கவில்லை. அதைவிடக் கேவலமான ஒன்றையும் செய்தேன். அதே பாதையை வேறு குடும்பங்களுக்கும் கொடுத்திருந்தேன். அவர்களுக்குப் புதிய கோடு ஒன்றை அனுப்பினேன், கிளாம்சியோடு முடிகிற மாதிரி. 'இதுதான் வசதி' என்று எழுதினேன். பழையது ஏன் வேண்டாம் என்று எழுதவில்லை. ஆபத்தை மறைத்து என்னைக் காப்பாற்றினேன். பழைய கோட்டை வைத்துக்கொண்டு யாராவது போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது நினைக்கவே இல்லை.

இலையுதிர் காலத்தில் தனியாக அந்த ரோட்டுக்குப் போனேன். கிளாம்சியில் இறங்கி முதல் முறையாக அதில் ஓடினேன். நாள் முழுக்க நெரிசல் என்று சொல்ல முடியாது. பத்து நிமிடம் ஒன்றும் வராது. பிறகு வருவது எறிந்தது போல வரும். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தார். அதன் விளிம்பு வெட்டிவிட்டது போல இறங்குகிறது. மேலே மேலே தார் போட்டதால் உயர்ந்துபோன விளிம்பு, இரண்டு விரல் உயரம். கீழே சல்லிக்கல், பிறகு புல், பிறகு கான். குந்தியிருந்து அந்த விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தேன். சைக்கிள் சில்லு அதிலிருந்து இறங்கினால் திரும்ப ஏறாது. என்னளவு அனுபவம் உள்ள எவரும் அந்த இடத்துக்கு வந்த முதல் நிமிடத்தில் இதைக் கண்டிருப்பார்கள். ஒருமுறை வந்திருந்தால் போதும்.

திரும்பி வந்தும் உடனே சொல்லவில்லை. தம்பி ஒருநாள் கதையோடு கதையாகச் சொன்னான், மகன் சைக்கிளை நிலவறையில் வைத்துப் பூட்டிவிட்டான், பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸில்தான் போகிறான் என்று. "அம்மா என்னைப் பிடிக்க வந்துதானே விழுந்தவ எண்டு சொல்லுறான் அண்ணை. நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேக்கிறானில்லை." அந்த வார்த்தைகள் யாருடையவை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு போனேன். தம்பியையும் தங்கச்சியையும் இருக்கச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். ரயிலேறியது, காரில் எடுத்த படம், மேசையில் போட்ட கோடு, எண், ஃபோனில் கேட்ட கேள்விகள். தம்பி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான். தங்கச்சி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "எங்களுக்குச் சொன்னது காணும் அண்ணை. உள்ள இருக்கிறவனுக்கும் நீங்களே சொல்லுங்கோ."

பிள்ளைக்குச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. கட்டில் விளிம்பில் இருந்து சொன்னேன். நீ வேகமாகப் போனதால் அம்மா விழவில்லை, நான் பார்க்காத ரோட்டில் உங்களை விட்டேன், பார்த்தேன் என்று பொய் சொன்னேன், பிறகு பழியை உன் மேல் போடப் பார்த்தேன் என்று. அவன் கேட்டான்: "அப்ப ஏன் ஓடினனான் எண்டு சொன்னீங்கள்?" பேருக்காக என்றேன். அவன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. என்னை மன்னித்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவனிடமிருந்து இன்னொன்றைப் பிடுங்கியதாகும்.

தம்பி இப்போது என்னோடு கதைக்கிறான், முன்பு போல இல்லை. தங்கச்சியின் இழந்த வருமானத்தில் ஒரு பங்கையாவது நான் தர வேண்டும் என்றேன். மறுத்தார்கள். வற்புறுத்தினேன். ஆடிக்கு முன் வாங்கி, பிறகு திருப்பிக் கொடுத்த முற்பணத்தின் அளவை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. என்னிடம் பாதை வாங்கியவர்கள் பலர். எல்லாருடைய நம்பரும் என்னிடம் இல்லை. ஓடியதாகச் சொல்லி நான் ஓடாத மற்றத் துண்டுகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கிளூனிக்கும் மாக்கோனுக்கும் இடையில் புவா கிளேர் சுரங்கம், 1.6 கிலோமீற்றர். குளிர்காலத்தில் வௌவால்களுக்காக அதைப் பூட்டிவைப்பார்கள். பூட்டியிருந்தபோது போனேன். சைக்கிளை ஒருவருடைய வானில் ஏற்றி மறுபக்கம் இறங்கினேன். உள்ளே எவ்வளவு குளிர் என்று நான் விவரித்தது பிறர் சொல்லக் கேட்டது.

லுவார் ஆற்றோரம் பிரியாரில் 1896இல் திறந்த நீர்ப்பாலம், 662 மீற்றர். அதுவரை ஓடினேன். அதற்குத் தெற்கே நெவேர் வரை நான் கொடுத்தது வரைபடத்தில் போட்ட கோடு.

தெற்குப் பிரான்சில் 'மிதி' என்று பெயர் கொண்ட கால்வாயில் கார்க்கசோனுக்குக் கிழக்கே நான் போனதே இல்லை. கரை நல்ல கரை, பிள்ளைகளோடு போகலாம் என்று இரண்டு குடும்பங்களுக்குச் சொன்னேன். ஒரு குடும்பத்துக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன். மற்றக் குடும்பம் லண்டனுக்கு மாறிப் போய்விட்டது. அவர்கள் இதைப் படித்தால், நான் அனுப்பியதை அழித்துவிட்டு அங்கே ஓடிய வேறு யாரிடமாவது கேட்கவும்.